கடைசிக் கம்பியை யார் வைப்பது?

போன மாதம் ஒரு காலை, பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. சுரங்கத்தின் பெல்ட் பிரிவில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருக்கும் இளவரசி. எடுத்ததும் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“அண்ணே, எனக்குக் கோச்சிங்னு பேர் போட்டிருக்காங்க. நான் என்ன தப்பு பண்ணேன்?”

வாயில் நுரையோடு சிரித்ததில் எனக்குப் புரையேறிவிட்டது. என் மனைவி சரோஜா உள்ளேயிருந்து ஓடிவந்து தலையில் தட்டினாள். இளவரசிக்கோ கோபம். “சிரிக்காதீங்கண்ணே. வேலையைப் பத்தி ஒருத்தரும் ஒரு குறை சொன்னதில்ல. அப்புறம் எதுக்கு இது?” என்றாள்.

நான் சிரித்ததற்குக் காரணம் உண்டு. இதே கேள்வியை இதே வார்த்தைகளில் என் அதிகாரியிடம் நானும் ஒரு நாள் கேட்டிருக்கிறேன். நம் ஊரில் கோச்சிங் என்றால் ஒன்று பத்தாம் வகுப்பில் கணக்கு வராத பையனுக்கு, இல்லாவிட்டால் கிரிக்கெட் டீமுக்கு. நல்ல வேலைக்காரனை, அதுவும் தலை நரைத்தவனைக் கூப்பிட்டு ‘உனக்குக் கோச்சிங்’ என்றால் சந்தேகம் வரத்தான் செய்யும். “நீங்க பட்டதை எழுதி அனுப்புங்க. எங்க குரூப்ல போடறேன், எல்லாரும் இதைத்தான் கேட்டுக்கினு இருக்காங்க” என்றாள். எழுதுகிறேன். எழுத்தில் எனக்குப் பழக்கம் குறைவு, வாயில் குறைவில்லை. பேசுகிற மாதிரியே படித்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் கலியபெருமாள். குள்ளஞ்சாவடிக்குப் பக்கத்துக் கிராமம். ஐ.டி.ஐ. முடித்து, அப்ரண்டிஸாகச் சேர்ந்து, கான்ட்ராக்டில் கொஞ்ச காலம் காய்ந்து, பர்மனென்ட் ஆகி, நெய்வேலியில் பெல்ட் ஜாயிண்ட் போடும் கேங்கில் ஹெல்பராக நுழைந்து, அதே கேங்குக்கு ஃபோர்மேன் ஆனவன். என் இளமை முழுவதும் இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிட்டது. எல்லாரும் பட்டதைத்தான் நானும் பட்டேன்.

பெல்ட் என்றால் இடுப்பில் கட்டுவது என்று நினைக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். சுரங்கத்தில் பெரிய சக்கர இயந்திரம் மண்ணையும் பழுப்பு நிலக்கரியையும் வெட்டிக் கொட்டும். அதைச் சுமந்துகொண்டு ஓடுவது ரப்பர் பெல்ட். ஓர் ஆள் குறுக்கே படுத்தாலும் இடம் மிஞ்சும் அகலம். ரப்பருக்குள் நீளவாக்கில் வரிசையாக எஃகுக் கம்பிகள் ஓடும். பெல்ட் எங்கேயாவது கிழிந்தால் லைன் நின்றுவிடும். நிலக்கரி லைன் நின்றால் அந்தப் பக்கம் அனல் மின் நிலையத்தில் எல்லார் கையும் போனைத் தேடும்.

கிழிந்த பெல்ட்டை ஒட்டுவதுதான் எங்கள் வேலை. முதலில் அந்த இடத்துக்கு மேல் டெண்ட் போடுவோம். தூசும் ஈரமும் ஜாயிண்ட்டுக்குச் சத்துரு. இரண்டு முனையிலும் ரப்பரைக் கத்தியால் சீவி எடுத்துக் கம்பிகளை வெளியே கொண்டுவர வேண்டும். தேய்த்து, துடைத்து, ரப்பர் ஒட்டும் சொல்யூஷன் தடவி, இந்த முனைக் கம்பியும் அந்த முனைக் கம்பியும் மாறி மாறி வருகிற மாதிரி நடுவிலிருந்து விளிம்பு நோக்கி வைத்துக்கொண்டே போக வேண்டும். நடுக்கோடு நேராக இல்லாவிட்டால் பெல்ட் ஓடும்போது ஒரு பக்கமாக ஒதுங்கித் தன்னையே அறுத்துக்கொள்ளும். நெற்றி வியர்வை ஒரு சொட்டு விழக்கூடாது என்று தலையில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் குனிவோம். கடைசியில் மேலே ரப்பர் போட்டு மூடி, பிரஸ்ஸுக்குள் வைத்து இறுக்கி, சூட்டில் வேக வைக்க வேண்டும். இட்லி மாதிரிதான். அவசரப்பட்டு மூடியைத் திறந்தால் மாவு.

எங்கள் கேங்கில் ஒரு வழக்கம் இருந்தது. விளிம்பில் வருகிற கடைசிக் கம்பியை ஃபோர்மேன்தான் வைக்க வேண்டும். எனக்கு முன்னால் இருந்தவர் அப்படிச் செய்தார், அவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான். சொல்யூஷன் பக்கத்தில் நெருப்பு ஆகாது என்பதால் கற்பூரம் காட்ட முடியாது. அதற்குப் பதிலாக ஃபோர்மேன் அந்தக் கம்பியைக் கண்ணில் ஒற்றி வைப்பார், எல்லாரும் ஒரு நிமிடம் பேசாமல் நிற்போம். நல்ல வழக்கம்தான். ஆனால் என் காலத்தில் அது கடைசிக் கம்பியோடு நிற்கவில்லை. நடுக்கோடு பார்ப்பது நான், கத்தி பிடிக்கும் கோணம் சொல்வது நான், பிரஸ் இறுக்குவது நான். அந்த வேலையில் எனக்குக் கண் இருந்தது. இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. நூல் பிடித்துப் பார்ப்பதற்கு முன்பே எந்தப் பக்கம் எவ்வளவு சாய்வு என்று சொல்லிவிடுவேன்.

ஆகவே பெல்ட் கிழிந்தால் என் குவார்ட்டர்ஸ் வாசலுக்கு ஜீப் வரும். லீவா, வார விடுமுறையா, பண்டிகையா, அதெல்லாம் ஜீப்புக்குத் தெரியாது. எங்கள் பிளாக்கில் குழந்தைகள்கூடக் கத்தும்: “ஜீப் வந்துட்ச்சு, பெல்ட் அறுந்துட்ச்சு!” பக்கத்து வீட்டு ஆபீஸ்காரருக்கு ஆயுளில் ஒரு தடவை ஜீப் வந்ததில்லை. நான் ஷூவை மாட்டும்போது அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பார்ப்பார். அந்தப் பார்வைக்காகவே நான் ஷூவை மெதுவாக மாட்டுவேன்.

ஒரு வைகாசியில் பண்ருட்டியில் என் தங்கை மகள் கல்யாணம். நான் தாய்மாமன். தாலி கட்டி முடிந்து, சீர் செய்து, பந்தியில் இலை போடப் போகும் நேரத்தில் அந்தோணிசாமி போன் செய்தான். என் கேங்கில் எனக்கு அடுத்த கை அவன்தான். நெல்லிக்குப்பம் பக்கத்துக்காரன், நிதானமானவன். மண் லைனில் பெல்ட் கிழிந்திருந்தது.

“நீ எல்லாத்தையும் முடிச்சு வெய்யி. கடசி கம்பி நான் வந்து வெக்கிறேன்” என்றேன்.

“சரிண்ணே” என்றான். அவன் வேறென்ன சொல்வான்?

ஜீப் மண்டப வாசலுக்கே வந்தது. சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்க்க ஏறிப் போனேன். ஏறினது மட்டும்தான் அழகு. பலாப்பழ சீசன். பண்ருட்டியைத் தாண்டும் வரைக்கும் பலா லாரிகள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. அங்கே சுரங்கத்தில் அந்தோணி எல்லாக் கம்பியும் வைத்து முடித்து, விளிம்பில் ஒரே ஒரு கம்பிக்கு இடம் விட்டு, மூடாமல் காத்துக்கொண்டிருந்தான். கோடை மழை காற்றோடு வந்து டெண்ட்டின் ஒரு பக்கத்தைத் தூக்கிச் சாரலை உள்ளே அடித்தது. நான் போய்ச் சேரும்போது ஜாயிண்ட் முழுக்க ஈரம். எல்லாவற்றையும் பிரித்து எடுத்து முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

சுந்தரேசன் சார் வந்தார். எங்கள் பிரிவுக்குப் பெரிய அதிகாரி, மதுரைப் பக்கத்துக்காரர். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஷூவில் சேறு இல்லாமல் அவரைப் பார்த்ததும் இல்லை. எவ்வளவு பெரிய அவசரமானாலும் டெண்ட்டுக்கு வெளியே நின்று, “உள்ள வரலாமா?” என்று ஃபோர்மேனைக் கேட்பார். டெண்ட்டுக்குள் ஃபோர்மேன்தான் ராஜா என்பது அவர் கொள்கை. வந்தால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு முட்டி போட்டு, ஒரு கண்ணை மூடி நடுக்கோட்டைப் பார்ப்பார். எதையும் தொடமாட்டார். யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி, “சாப்டீங்களா?”

அன்றைக்கும் அதையே கேட்டார்.

“இல்ல சார். எலை போடறதுக்குள்ள ஜீப் வந்துட்ச்சு.”

“இங்கயும் யாரும் சாப்பிடல” என்றார். பிரித்துப் போட்ட கம்பிகளைப் பார்த்தார். “ஒரு கம்பி. அதை வைக்க இத்தனை பேர்ல ஒரு கை இல்லையா?”

கேட்டுவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால் பதிலுக்கு இரண்டு வார்த்தை சொல்லியிருப்பேன். அடுத்த நாள் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“இன்சார்ஜ் போஸ்டுக்கு எழுதிக் குடுத்திருக்கீங்க. இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை உங்க பேரை நிறுத்துனது யார் தெரியுமா?”

“தெரியாது சார்.”

“நான்தான்” என்றார். எனக்கு உடம்பெல்லாம் சூடேறியது. இரண்டு தடவையும் யாரோ சிபாரிசுக்காரன் தட்டிக்கொண்டு போனான் என்று சரோஜாவிடம் ஊரைத் திட்டிக்கொண்டிருந்தவன் நான். அவர் நிதானமாகச் சொன்னார்: “உங்களை மேல தூக்கிட்டா ஜாயிண்ட் யார் போடுறது? இது உங்களுக்குக் கடைசி வாய்ப்பு. உங்க இடத்துல நிக்க ஒரு ஆளைக் காட்டுங்க, நான் கையெழுத்துப் போடுறேன். இல்லாட்டி ரிடையர் ஆகுற வரைக்கும் ஜீப்லயே வந்துட்டுப் போங்க. வெளியிலருந்து ஒரு கோச் வர்றாங்க. அவங்ககிட்ட உக்காருங்க.”

அப்போதுதான் கேட்டேன்: “நான் என்ன தப்பு பண்ணேன் சார்?”

“தப்பு பண்ணா மெமோ குடுப்பேன். இது நல்லா வேலை செய்யுறவங்களுக்கு.”

நம்பவில்லை. ஆனால் இன்சார்ஜ் ஆக வேண்டும் என்கிற ஆசை எனக்குக் கொஞ்சநஞ்சம் இல்லை. ஹெல்பராக நுழைந்த இடத்தை அதிகாரியாக விட்டுப் போக வேண்டும். ஊரில் என் அப்பா சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துவிட்டு நின்ற இடத்தில் அவர் மகன் அப்படி நின்றான் என்று இருக்க வேண்டும். அதற்காகத்தான் போனேன்.

கோச் பெயர் கிரேஸ். புதுச்சேரியிலிருந்து பஸ்ஸில் வருவார். ஏதோ ஒரு தொழிற்சாலையில் ஆட்களைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில் இருந்துவிட்டு, கோச் வேலைக்கென்றே தனியாகப் படித்தவர். என்னைவிட வயதில் ரொம்பச் சிறியவர். பயிற்சி நிலையத்தில் ஒரு சின்ன அறை. இரண்டு நாற்காலி, நடுவில் மேஜை கிடையாது. அதுவே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கட்டிக்கொண்டேன்.

“இங்க பேசுறது இந்த ரூமை விட்டுப் போகாதுங்க. உங்க அதிகாரிகிட்டயும் போகாது. நீங்க வந்தீங்களாங்கிறது மட்டும்தான் அவருக்குத் தெரியும்” என்றார். பிறகு, “பெல்ட்டைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது சார்” என்றார்.

“அப்ப எனக்கு இன்னா சொல்லித் தரப் போறீங்க மேடம்?”

“எதுவும் சொல்லித் தரப் போறதில்ல.”

விளங்கினாற்போலத்தான் என்று நினைத்துக்கொண்டேன். அவர் அடுத்துக் கேட்டது நான் எதிர்பார்க்காதது.

“வீட்டு வாசல்ல ஜீப் வந்து நிக்கும்போது உங்களுக்கு எப்படி இருக்கும்?”

“கஷ்டமாத்தான் இருக்கும். ஒரு நல்லது கெட்டதுல முழுசா நிக்க முடியாது.”

“கஷ்டம் மட்டுமா?”

கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். நானும் பேசாமல்தான் இருந்து பார்த்தேன். அந்த அம்மாள் அசையவில்லை.

“நல்லாவும் இருக்கும்” என்றேன். சொன்னதும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. “ரொம்ப நல்லா இருக்கும் மேடம். பிளாக்கே எட்டிப் பாக்கும்.”

அவரும் சிரித்தார். “இன்சார்ஜ் ஆயிட்டா ஜீப் வருமா?”

“வராது. ஜாயிண்ட் போடறவனுக்குத்தான் ஜீப்.”

“அப்ப உங்களுக்கு எது வேணும் சார்?”

அன்றைக்குப் பதில் சொல்லாமல் எழுந்து வந்தேன். அந்தக் கேள்வி சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து கூடவே வீட்டுக்கு வந்தது. இத்தனை வருஷம் என்னிடம் வேலை வாங்கினவர்கள் பலர். எனக்கு என்ன வேண்டும் என்று சம்பளப் பேச்சுவார்த்தைக்கு வெளியே ஒருத்தரும் கேட்டதில்லை.

பதினைந்து நாளுக்கு ஒரு தடவை உட்கார்ந்தோம். ஒவ்வொரு தடவையும் முடிவில் அவர் கேட்பது ஒன்றுதான்: “அடுத்த ஜாயிண்ட்ல என்ன மாத்தி செஞ்சு பாக்கப் போறீங்க?” அவர் சொல்லமாட்டார், நான்தான் சொல்ல வேண்டும். முதல் தடவை ஜம்பமாகச் சொன்னேன்: “கையைப் பின்னால கட்டிக்கினு நிப்பேன். வேலையை அந்தோணி பாக்கட்டும்.” சொன்னபடி கட்டிக்கொண்டுதான் நின்றேன். அவன் கத்தியால் சீவுகிற கோணத்தைப் பார்த்ததும் என் கை தானாக முன்னால் வந்து கத்தியைப் பிடுங்கிவிட்டது. கேங்கே சிரித்தது. அடுத்த தடவை மேடத்திடம் இதைச் சொன்னபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அவர், “அந்த நேரத்துல உங்களுக்கு என்ன பயம்?” என்றார். ஜாயிண்ட் கெட்டுவிடும் என்கிற பயம் என்றேன். வேறு? வேறு ஒன்றும் இல்லை என்றேன். வீட்டுக்குப் போகும் வழியில்தான் தெரிந்தது, நான் தொடாமலேயே கெடாமல் போய்விடுமோ என்கிற பயமும் இருந்தது.

ஒரு நாள் மேடம் ஹெல்மெட்டும் பூட்ஸும் மாட்டிக்கொண்டு சுரங்கத்துக்கே வந்துவிட்டார். முன்கூட்டித் திட்டமிட்ட ஜாயிண்ட் அது. டெண்ட் ஓரமாக ஒரு டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு நான் அதட்டவில்லை, உத்தரவு போடவில்லை, கேள்வியாகவே கேட்டேன். மார்தட்டிக்கொள்ளாத குறையாக அவரிடம் போய், “எப்பிடி மேடம்?” என்றேன்.

“நல்லா கேக்குறீங்க சார். ஆனா அவங்க பதில் சொல்றதுக்குள்ள பதிலையும் நீங்களே சொல்லிடுறீங்க.”

பக்கத்தில் நின்ற அந்தோணி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்குவது தெரிந்தது.

உண்மைதான். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பது மாதிரிச் சிரமமான வேலை சுரங்கத்தில் வேறில்லை. வாய்க்கு ஒரு வேலை கொடுத்தால்தான் முடியும் என்று யோசித்து, நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். சட்டைப் பையில் கல்கண்டு வைத்துக்கொண்டேன். கேள்வி கேட்டதும் ஒரு கட்டியை வாயில் போட்டுக்கொள்வது. அது கரையும் வரைக்கும் பேசக்கூடாது, கடிக்கவும் கூடாது. கேங்கில் அதுவே வேடிக்கையாகிவிட்டது. “அண்ணன் கல்கண்டு போட்டுட்டாரு, பதில் சொல்றா” என்பார்கள். முதலில் வேடிக்கைக்குச் சொன்ன பதில்கள் கொஞ்சம் கொஞ்சமாக நிஜமான பதில்களாயின. கல்கண்டு கரைகிற நேரத்தில் ஒருத்தன் இவ்வளவு யோசிக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

நடுக்கோட்டை நான் கண்ணால் பார்ப்பேன். அந்தோணிக்கு அந்தக் கண் இல்லை. நூல் கட்டி, குறுக்கே அளந்து, திரும்ப அளந்து, அப்புறம்தான் தலையாட்டுவான். எனக்குப் பொறுக்காது. ஆனால் அவன் வைக்கிற கோடு பிசகாது. ஒரு ஜாயிண்ட்டில் கடைசிக் கம்பியை அவன் கையில் கொடுத்தேன். “வேணாண்ணே, நீங்க வெச்சாத்தான் ராசி” என்று பின்னால் போனான். நான் டெண்ட்டுக்கு வெளியே போய், முதுகைக் காட்டி நின்றுகொண்டேன். உள்ளே ஒரு நிமிடம் சத்தமே இல்லை. பிறகு ரப்பர் ஷீட்டை இழுக்கும் சத்தம் கேட்டது. எனக்கு மகளைக் கட்டிக்கொடுத்த மாதிரி இருந்தது, சந்தோஷமும் வயிற்றெரிச்சலும் கலந்து.

என்னோடு கோச்சிங்குக்குப் போன இன்னொரு ஃபோர்மேனும் உண்டு, பெயர் வேண்டாம். அவருக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. மேடம் கேட்ட கேள்விக்கெல்லாம் அவர் மேலதிகாரியைக் குறை சொல்லியே நேரத்தைப் போக்கினார். பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்திருந்தால் எந்த மழைக்கும் நிறையாது. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வீட்டில் ஒன்று நடந்தது. மகன் மேல்படிப்புக்கு எதை எடுப்பது என்று கேட்டபோது, “நீ இன்னா நெனைக்கிற?” என்று கேட்டுவிட்டுக் கல்கண்டைத் தேடினேன். சரோஜா அவனைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள். “கல்யாணமாகி இத்தனை வருசத்துல என்னை ஒருவாட்டி இப்பிடிக் கேட்டிருக்கீங்களா?” என்றாள். அதற்கும் ஒரு கட்டியை வாயில் போட்டுக்கொண்டேன்.

இனி அந்த ஐப்பசி நாளுக்கு வருகிறேன்.

இன்டர்வியூவுக்கு ஒரு வாரம் இருந்தது. எனக்கு வார விடுமுறை. விடாத மழை. சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் அந்தோணி போன் செய்தான். நிலக்கரி லைனில் பெல்ட் கிழிந்துவிட்டது. “கேங்க் வந்துட்ச்சு, டெண்ட் போட்டுக்கினு இருக்கோம்” என்றான். வாங்க என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

நான் ஷூவை மாட்டிக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்தேன். பழக்கம். ஜீப் வரவில்லை. மழைக்கு நடுவில் ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டால் கழுத்து தானாக நீண்டது. பக்கத்து வீட்டுக்காரர் குடையோடு போனவர், “என்ன சார், இன்னும் ஜீப் வரலியா?” என்று கேட்டுவிட்டுப் போனார். சரோஜா காபி கொண்டுவந்து வைத்தாள். “உங்களை மறந்துட்டாங்க போல” என்றாள். “மறக்கல. நெனப்பு இருந்தும் கூப்புடல” என்றேன். பெருமையாகச் சொல்ல நினைத்தேன், குறை மாதிரி வந்தது.

மறுபடி அந்தோணி. “அண்ணே, ஒரு முனை ரொம்ப தேஞ்சி கெடக்குது. ரப்பர் ஒரு பக்கமா இழுத்துக்கினு போயிருக்கு. நூல் போட்டா நடுக்கோடு நிக்க மாட்டங்குது.”

அது எப்படி இருக்கும் என்று எனக்குக் கண்ணை மூடினால் தெரிந்தது. எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளி வைத்தால் சரியாகும் என்பதும் தெரிந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

“நீ இன்னா நெனைக்கிற?” என்று கேட்டுவிட்டுக் கல்கண்டைப் போட்டுக்கொண்டேன்.

போனில் மழைச் சத்தம். பிறகு அவன் சொன்னான்: “நீங்களா இருந்தா கண்ணாலேயே அட்ஜஸ்ட் பண்ணி ஒரே ஜாயிண்ட்ல முடிச்சுடுவீங்க. எனக்கு அந்தக் கண்ணு இல்லண்ணே. நான் தேஞ்ச பக்கத்தை வெட்டி எறிஞ்சிட்டு, நடுவுல புது பீஸ் போட்டு, ரெண்டு ஜாயிண்டா போடறேன். நேரம் கூட ஆவும். ஆனா நிக்கும்.”

இரண்டு ஜாயிண்ட் என்றால் இரண்டு மடங்கு வேலை. அந்த மழையில், மின் நிலையம் காத்துக்கொண்டிருக்கும்போது, இன்டர்வியூவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது. ‘உங்க இடத்துல ஒரு ஆளைக் காட்டுங்க’ என்றார் சுந்தரேசன் சார். நான் காட்டிய ஆள் இரட்டிப்பு நேரம் கேட்கிறான். ஜாயிண்ட் பிய்த்துக்கொண்டால் அவனும் போவான், நானும் போவேன். கல்கண்டு கரைந்து போயிருந்தது.

“உன் ஜாயிண்ட்டு. உன் முடிவுதான்” என்றேன்.

கொஞ்ச நேரத்தில் சுந்தரேசன் சாரே கூப்பிட்டார். அவர் குரலுக்குப் பின்னால் வேறு போன்கள் அடித்துக்கொண்டிருந்தன.

“கலியபெருமாள், ரெண்டு ஜாயிண்ட்டுங்கிறான். மேலேயிருந்து என்னைப் புடுங்கி எடுக்கிறாங்க. நீங்க போனா ஒண்ணுல முடியுமா?”

“முடியும் சார்.”

“ஜீப் அனுப்பவா?”

வாசலைப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் திரும்பி வந்து வராந்தாவில் குடையை உதறிக்கொண்டிருந்தார். என் காலில் ஷூ இருந்தது. ஒரு வார்த்தை போதும், ஒரே ஜாயிண்ட்டில் முடித்துக் காட்டலாம். எல்லாரும் கை தட்டுவார்கள். அந்தோணி அடுத்த மழைக்கும் ஒரு கம்பிக்கு இடம் விட்டுக் காத்துக்கொண்டிருப்பான். கிரேஸ் மேடம் முதல் நாள் கேட்ட கேள்விக்கு அன்றைக்குத்தான் பதில் சொன்னேன்.

“வேணாம் சார். அந்தோணி பாத்துப்பான்.”



“சாப்டீங்களா?” என்றார்.

“இல்ல சார்.”

“போய்ச் சாப்பிடுங்க” என்று வைத்துவிட்டார். ஸ்டாக் யார்டில் சேர்த்து வைத்திருந்த நிலக்கரியை எடுத்துச் சமாளித்தார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. நான் ஷூவைக் கழற்றினேன். சாப்பாடு இறங்கவில்லை, அது வேறு விஷயம். மறுநாள் காலை ஷிப்ட்டுக்குப் போய், நேரே அந்த லைனுக்கு நடந்தேன். ஓடுகிற பெல்ட்டில் ஜாயிண்ட் வருவதற்காகக் காத்து நின்றேன். முதலாவது வந்து போனது, இரண்டாவது வந்து போனது. இரண்டும் நடுவிலேயே ஓடின. அந்தோணி ராத்தூக்கம் இல்லாத கண்ணோடு பக்கத்தில் வந்து நின்றான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒன்றும் பேச வரவில்லை. அதற்குக் கல்கண்டு தேவைப்படவில்லை.

இன்டர்வியூவில் ஒருத்தர் கேட்டார்: “நீங்க மேல வந்துட்டா அங்க யாரு?” அந்தோணிசாமி பெயரைச் சொன்னேன். சுந்தரேசன் சார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் இன்சார்ஜ் ஆனேன், அந்தோணி ஃபோர்மேன் ஆனான். டிப்ளமோ முடித்து வந்த இளவரசி அவன் கேங்கில் சேர்ந்தது அதற்கு அப்புறம்தான். கிரேஸ் மேடத்துக்குப் போன் செய்து சொன்னேன். “நீங்கதான் செஞ்சீங்க சார்” என்றார். அது பாதிதான் உண்மை. வாத்தியார் தனக்குத் தெரிந்ததை நமக்குத் தருவார். இந்த அம்மாள் நான் ஒளித்து வைத்திருந்ததை என்னிடமே கேட்டு வாங்கினார்.

நான் ரிடையர் ஆன நாளில் மாலை போட்டு ஜீப்பில் வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். அது எல்லாருக்கும் உள்ள மரியாதை. என் பக்கத்தில் அந்தோணி உட்கார்ந்திருந்தான். ஆர்ச் கேட் தாண்டுவதற்குள் அவன் போன் அடித்தது. இளவரசி. ஸ்பீக்கரில் போட்டான். மண் லைனில் பெல்ட் கிழிந்திருந்தது, ஓரத்துக் கம்பிகள் துருப்பிடித்திருந்தன.

டிரைவர் வண்டியை ஓரம் கட்டினான். கண்ணாடியில் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். என் கால் தானாக ஷூவுக்குள் விரல்களை மடக்கியது. மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.

“அண்ணே, என்ன பண்ணட்டும்?” என்றாள் இளவரசி.

“நீ இன்னா நெனைக்கிற?” என்றான் அந்தோணி. கேட்டுவிட்டுச் சட்டைப் பையில் கைவிட்டு, ஒரு கல்கண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். இன்னொன்றை என்னிடம் நீட்டினான். பிறகு, வண்டியை எடு என்று டிரைவருக்குக் கையைக் காட்டினான். ஜீப் என் வீட்டைப் பார்த்தே போனது.